சூரியனுக்குக் கட்டிய ஓலை

எங்கள் தீவில் சூரிய மின்பலகைகளை நட்ட வருடம்தான் என் புருஷன் ஒக்தோ ஹல்மஹேரா தீவிலிருந்து திரும்பி வந்தார். அங்கே நிக்கல் உருக்கும் ஆலையில் எலக்ட்ரீஷியன் வேலை. அந்த ஆலைக்கு நிலக்கரிதான் தீனி. இருமிக்கொண்டே படகிலிருந்து இறங்கிய மனுஷன், “வெல்மி, இனி செத்தாலும் அந்தப் புகைக்குள்ள போகமாட்டேன்டி” என்றார்.

ஒரு பெரிய ஃப்ரீசர் வாங்கினோம். அவர் சூரை மீன் பிடித்து வருவார், நான் உறைய வைப்பேன், படகு வரும் நாளில் ஆம்போன் நகரத்துச் சந்தைக்குப் போகும். இருமல் அடங்கியது. தேவாலயத்துப் புல்லாங்குழல் குழுவில் மறுபடியும் உட்கார்ந்தார். மூச்சு எட்டாமல் நடுநடுவே நிறுத்துவார். ஆனாலும் எனக்கு அதைக் கேட்கப் பெருமையாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தால் ஊரில் மின்சாரம் இல்லை. பலகைகளிலிருந்து பேட்டரி அறைக்குப் போகும் தடித்த கேபிளைக் காணோம்; ராத்திரி செலவான பேட்டரி ஏறவேயில்லை. “திருட்டு!” என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான், ஊரே அதைப் பிடித்துக்கொண்டது.

தேங்காய் களவு போனால் நாங்கள் என்ன செய்வோமோ அதையே இதற்கும் செய்தார்கள். போதகர் ஜெபித்தார், பலகைகளையும் பேட்டரி அறையையும் சுற்றியிருந்த வேலியில் ராஜா இளங்குருத்தோலை கட்டினார். எங்கள் ஊர்த் தலைவரை ராஜா என்றுதான் சொல்வோம். எடுத்தவன் கொண்டுவந்து வைக்கும்வரை வேலிக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. மீறினால் சாபம். தோப்பையும் கடலட்டை எடுக்கும் இடத்தையும் பருவம் வரும்வரை இப்படித்தான் ஓலை கட்டி மூடி வைப்போம், திறக்கும்போது இரண்டு மடங்காகப் பெருகியிருக்கும். தேங்காய்க்குச் சரி. பேட்டரியும் பெருகும் என்று இவர்களுக்கு எவன் சொன்னான்?

ஒக்தோ வேலியருகே போய், ஓலைக் காவல்காரரான தன் மாமா அப்சலோமிடம் கெஞ்சினார்.

“மாமா, உள்ள ஒரு சுவிட்சு இருக்கு. அத மட்டும் அணைச்சிட்டு வந்துர்றேன். இல்லேன்னா பேட்டரி சும்மாவே வடிஞ்சு செத்துரும்.”

“ஏன் மருமகனே, உள்ள எதையாவது மறந்து வெச்சிட்டு வந்துட்டியா?” என்றார் அவர். “இந்த ஊர்ல வயரைக் கழட்டத் தெரிஞ்ச கை உன் கை ஒண்ணுதானே?”

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வாயைக் கழுவிட்டுப் பேசுங்க மாமா! கூடப் பொறந்தவ புள்ளையையா திருடன்ங்கிறீங்க?” என்றேன்.

ஒக்தோ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். “விடுடி. இப்ப நான் உள்ள போனா, நான்தான் திருடன்னு முடிவே கட்டிருவாங்க.”

பிறகு கிழக்குக் காற்று வாரக்கணக்கில் பிடித்துக்கொண்டது. படகு இல்லை, மின்சாரம் இல்லாமல் செல்போன் கோபுரமும் செத்துக் கிடந்தது. ஃப்ரீசரில் இருந்த மீன் நாறிப்போய், அத்தனையையும் நானே கடலில் கொண்டுபோய்க் கொட்டினேன். ராஜா வீட்டுப் பழைய டீசல் ஜெனரேட்டரைத் தூசி தட்டி எடுத்தார்கள். ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போவதே நின்றுபோயிற்று. எல்லோருக்கும் எல்லோர் மேலும் சந்தேகம், எங்கள் மேல் கொஞ்சம் கூடுதலாக.

காற்று ஓய்ந்ததும் ஒரு விசைப்படகு வந்தது. மாவட்டத்து மின் பணியாளன் ஸ்டென்லி, தோளில் கேபிள் சுருளோடு சிரித்துக்கொண்டே இறங்கினான்.

“மன்னிக்கணும் பெரியவங்களே! பக்கத்துத் தீவு ஆஸ்பத்திரியில கேபிள் கருகிப்போச்சு, நோயாளிங்க உசுருக்குப் போராடுறாங்கன்னாங்க. எல்லாரும் கோயில்ல இருந்தீங்களா, அதான் சொல்லாம கழட்டிட்டுப் போனேன். ரெண்டு நாள்ல திரும்பிரலாம்னு பார்த்தா காத்து விடல.”

போதகர் அவசர அவசரமாக ஜெபித்து ஓலையை அவிழ்த்தார்.

ஸ்டென்லி உள்ளே போனான். ஒவ்வொரு பேட்டரியாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது முகத்தில் சிரிப்பில்லை. “எல்லாம் செத்துப்போச்சு. ஏங்க, அந்த ஒரு சுவிட்ச யாராவது அணைச்சிருக்கக் கூடாதா?”

“புதுசு எப்ப தம்பி வரும்?” என்றேன்.

“ஆம்போனுக்குச் சொல்லணும், அவங்க ஜகார்த்தாவுக்குச் சொல்லணும். இப்படிச் செத்துக் கிடக்கிற தீவு இன்னும் எத்தனையோ இருக்கு அக்கா. காத்திருக்காதீங்க.”

அப்சலோம், “மருமகனே...” என்று ஏதோ சொல்ல வந்தார். ஒக்தோ அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். புல்லாங்குழலைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தார். எதற்கென்று நான் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன்.

டீசல் பீப்பாய்களை இறக்கிவிட்டுப் போன படகிலேயே அவர் ஹல்மஹேராவுக்குத் திரும்பினார். வழியனுப்ப ஊரே வந்தது. அப்சலோம் புகையூட்டிய சூரையை இலையில் கட்டி நீட்டினார். “இது என்ன, அவர் நெஞ்சுக்கு மருந்தா?” என்று கேட்டேன். கிழவர் தலை குனிந்தார். ஒக்தோ அதை வாங்கிக்கொண்டார். எனக்கு அந்த மனசு வராது.

இப்போது கோபுரத்தையும் ராஜாவின் ஜெனரேட்டரில்தான் கோத்திருக்கிறார்கள். அது ஓடும் நேரத்தில் ஒக்தோ பேசுவார்.

“இங்க வெளிச்சம் அணையுறதே இல்லடி, கண்ணு கூசுது” என்றார் நேற்று.

“அப்படி எதுக்குத்தான் உருக்குறாங்களாம் அந்த நிக்கலை?”

“பேட்டரிக்காம். உலகமே இனி சூரிய மின்சாரத்துக்கு மாறப்போவுதாம்.”

“அப்ப வரும்போது நம்ம ஊருக்கும் நாலு தூக்கிட்டு வாங்க.”

சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. “தண்ணி குடிங்க, குடிங்க” என்று நான் இங்கிருந்து கத்திக்கொண்டே இருந்தேன். ராஜா வீட்டில் டீசல் தீர்ந்தது. ஜெனரேட்டர் நின்றது, அவர் சத்தமும் நின்றது.