தண்ணீர் குடிக்காத பெண்கள்: தேடல் முடிவுகள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. நூலகத்தில் என் பக்கத்து நாற்காலியில் இருந்த ஆய்வு மாணவி, கணினித் திரையைப் பார்த்து "அடப்பாவிகளா" என்றாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதி நான் கட்டியது. வயிற்றெரிச்சல் மட்டும் அசல்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "நூலக ஜன்னல் வழியே மாலை வெயில் மெல்ல…"

வெயில் கிடக்கட்டும். அவளுடைய அக்கா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். தையல் ஆலையில் காலர் தைப்பவள். அங்கே கழிவறைச் சாவி சூப்பர்வைசரிடம் இருக்கும். ஒருமுறை கேட்டால் முகம் சுளிப்பான், மறுமுறை கேட்டால் எல்லார் முன்னாலும் மானத்தை வாங்குவான். அதற்குப் பயந்தே அந்த வரிசைப் பெண்கள் ஷிப்ட் முடியும்வரை தண்ணீரைத் தொடுவதில்லை. அக்காவின் சிறுநீரகம் போனது இப்படித்தான்.

தங்கை படிப்பது உடல்நலச் சமூகவியல். ஆய்வேட்டில் ஓர் இயல் இந்தப் பெண்களைப் பற்றியது. முன்னாய்வுக் கட்டுரைகளைக் காட்டு, இல்லையென்றால் இயலைத் தூக்கிவிடு என்று வழிகாட்டிப் பேராசிரியை சொல்லிவிட்டார்.

3

நூலகத் தரவுத்தளங்களில் தொழிலாளி, கழிவறை, சிறுநீரகம் என்று மாற்றி மாற்றிப் போட்டுத் தேடினாள். கல்லில் நார் உரித்த கதைதான். "இதைப் பற்றி இதுவரை எவரும் ஆராயவில்லை" என்று இயலில் பெருமையாக எழுதியும் வைத்தாள்.

(அடிக்குறிப்பாகப் போக வேண்டியது: தேடும் பெட்டிக்குக் கீழே 'முழுக் கட்டுரை உள்ளவை மட்டும்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் அடித்தால் நூலகம் சந்தா கட்டும் இதழ்கள் மட்டும் வரும். மற்றவை பிறக்காத மாதிரி மறைந்துவிடும். திறக்காத கட்டுரை எதற்கு என்று முதல் நாளே டிக் அடித்தவள், அதை மறந்தே போனாள். அவளைத் திட்டலாமா என்று யோசித்தேன். மனம் வரவில்லை.)

அன்று அந்த டிக் கண்ணில் பட்டது. எடுத்தாள். திரை நிறையக் கட்டுரைகள். சுருக்கங்களைப் படிக்கப் படிக்கத்தான் அந்த "அடப்பாவிகளா".

4

எல்லாம் ஒரே பாட்டு. 'பெண் தொழிலாளரின் நீர் அருந்தாப் பழக்கம்.' பழக்கமாம்! ஒன்றை ஒன்று மேற்கோள் காட்டுகின்றன, வேலிக்கு ஓணான் சாட்சி. நூலகர் வேறு நூலகங்களிலிருந்து முழுக் கட்டுரைகளையும் வரவழைத்துத் தந்தார். எதிலும் கழிவறைப் பூட்டைப் பற்றி ஒரு வரி கிடையாது. 'தண்ணீர் குடியுங்கள்' என்று விழிப்புணர்வுச் சுவரொட்டி ஒட்டச் சொல்கிறார்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். இதை எழுதிய மகானுபாவர்கள் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த வரிசையில் உட்கார்ந்து…

வேண்டாம். கெட்ட வார்த்தை வந்துவிடும்.

5

பேராசிரியைக்கோ ஒரே மகிழ்ச்சி. இத்தனை இருக்கும்போது என்ன கவலை, இவற்றின் வழியே எழுது என்றார். இவை தப்பு என்று எழுதட்டுமா என்று அவள் கேட்டாள்.

"மறுக்கறதுக்கும் கட்டுரை வேணும்மா. உங்க அக்கா சொன்னது கட்டுரை ஆகாது."

சாயங்காலம் டயாலிசிஸ் கட்டிலருகே உட்கார்ந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இப்போது டாக்டரும் அக்காவுக்குத் தண்ணீரை அளந்துதான் தருகிறார்.

"எனக்குத் தாகமே எடுக்கலன்னு நெனச்சுட்டாங்களா? நீயும் அப்படியே எழுதினேன்னா, இனிமே என்னைப் பாக்க வராத."

6

முடிவு ஒன்று: பழக்கம் என்றே எழுதுகிறாள். இயல் நிற்கிறது, பட்டம் வருகிறது, அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

முடிவு இரண்டு: இயலைத் தூக்கிவிடுகிறாள். நாளை இன்னொருத்தி தேடும்போதும் அதே பாட்டுத்தான் வரும்.

மூன்றாவதில் பேராசிரியை மனம் மாறினார். அதைக் கிழித்துவிட்டேன், பச்சைப் பொய்.

எனக்கு முடிக்கத் தெரியவில்லை, முடிக்க விருப்பமும் இல்லை. நாளை அவள் இயலை ஒப்படைக்க வேண்டும். நீங்களே முடித்துக் கொடுங்கள். எழுதுவதற்கு முன் ஒரு ஷிப்ட் நேரம் தண்ணீர் குடிக்காமல் இருந்து பாருங்கள். அப்புறம் அதைப் பழக்கம் என்று சொல்ல வாய் வருகிறதா, பார்ப்போம்.