மாலை ஒத்திகை

ஜெயபாலனின் ‘கொசுக்கடி’க்கு அச்சகம் கிடையாது, சந்தா கிடையாது, ஆசிரியர் குழு கிடையாது. காஜா பேராங் தெருவில் நல்லையாவின் முடிதிருத்தும் கடைச் சுவர் மட்டும் உண்டு. சனிக்கிழமைதோறும் பெரிய தாளில் ஊதா மையால் எழுதி, கஞ்சிப் பசை தடவி அங்கே ஒட்டுவார். முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் படித்தார்கள். வழுக்கைத் தலையர்களும் வாரம் தவறாமல் வந்தார்கள்.

மலாய் மண்ணுக்கு மெர்டேகா வரப்போகிற வருஷம் அது. சுதந்திரம் ஆகஸ்டில்தான் வருவதாக இருந்தது. தலைவர்கள் பிப்ரவரியிலேயே வந்துவிட்டார்கள். அந்த வட்டாரத்தில் மட்டும் மூன்று கொண்டாட்டக் குழுக்கள். மூன்றையும் ஒன்றாக்க நான்காவதாக ஒரு குழு. ஜெயபாலனுக்கு எழுத விஷயம் சொட்டிக்கொண்டே இருந்தது.

அவரிடம் ஒழுங்கும் இருந்தது. நிஜப் பெயர் போடமாட்டார். பெண்களை எழுதமாட்டார். யாருடைய சாதியையும் நோயையும் தொடமாட்டார். பொய் கலக்கமாட்டார். இத்தனை ஒழுங்கையும் காப்பாற்றிக்கொண்டே சொந்தத் தங்கை வீட்டில் சிரிப்பை நிறுத்திவிட முடியும் என்பது அவருக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

தங்கை கமலவேணிக்கு ஜாலான் பெண்டஹாராவில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் வீடு. அவள் கணவர் கலியாணசுந்தரம்தான் நான்காவது குழுவின் செயலாளர். ஞாயிறு காலைகளில் ஜெயபாலன் அங்கே போய், நேராக அடுக்களைக்குள் நுழைந்து உட்கார்ந்துவிடுவார். கமலவேணி தோசை வார்த்தபடி கணவருடைய அந்த வாரத்துக் குறைகளைச் சொல்வாள். குரலை மாற்றி, கரண்டியை ஆட்டி, ஆளையே கொண்டுவந்து நிறுத்திவிடுவாள். மணமாகாத ஜெயபாலனுக்கு ஒரு வாரம் என்பதே அந்தக் காலை நேரம்தான்.

அப்படி ஒரு ஞாயிறு.

“கேளுங்கண்ணே கூத்த! மேடையில மாலை போட்டா எப்படிக் குனியணும்னு கண்ணாடி முன்னாடி பழகறாரு. மாலைக்கு எங்க போறது? என் ஈரத்துண்டுதான் மாலை. முக்காலி மேல ஏறி நான் போடணுமாம். ‘அவ்ளோ வேகமாப் போடாத வேணி, போட்டோக்காரன் ரெடியாக வேணாமா’ங்கறாரு. இங்க அடுப்புல பருப்பு தீயுது!”

“குனிஞ்சாரா?”

“குனிஞ்சாரு. துண்டுலேருந்து சட்டையெல்லாம் தண்ணி. கண்ண மூடிக்கிட்டு கும்புடு வேற!”

சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது. அந்தச் சிரிப்பில் கணவன்மேல் கொள்ளைப் பிரியம் இருந்தது. ஊதா மையில் அது ஏறவில்லை.

சனிக்கிழமை சுவரில் ‘ஈரத்துண்டு ஏகாம்பரம்’ எழுந்தருளினார். மீசை, உயரம், தெரு எல்லாவற்றையும் ஜெயபாலன் மாற்றியிருந்தார். முக்காலியையும் தீய்ந்த பருப்பையும் மாற்ற மட்டும் மனம் வரவில்லை. அவ்வளவு அழகாக இருந்தன.

கம்போங் செட்டியிலிருந்து வருகிறவர்கள் தலைமுறைகளாக மலாய் பேசும் தமிழர்கள்; தமிழ் படிக்க வராது. அவர்களுக்காக நல்லையா கையில் கத்தியோடு நின்று மலாயில் எடுத்துச் சொல்வார். அவருடைய மொழிபெயர்ப்பில் புனைபெயர்கள் தங்குவதில்லை. ஜெயபாலன் ஞாயிறுதோறும் எந்த வீட்டில் தோசை சாப்பிடுகிறார் என்பது அவருக்குத் தெரியும்.

“இந்த ஏகாம்பரம் யாரு?” என்று நாற்காலியில் இருந்தவர் மலாயில் கேட்டார்.

“வேற யாரு, நம்ம கலியாணசுந்தரம்லா!” என்றார் நல்லையா.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு பிரமுகர் எழுந்து, செயலாளரைக் கௌரவிக்கிறேன் என்று சொல்லி, காப்பிக்கடையில் மேசை துடைக்கிற, ‘குட்மார்னிங்’ என்று அச்சிட்ட துண்டை அவர் கழுத்தில் போட்டார். கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. கலியாணசுந்தரம் குனியவில்லை.

கூட்டம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஜெயபாலன் மாடிப்படி ஏறுமுன்பே கமலவேணி இறங்கி வந்து வழியை மறித்தாள்.

“நான் பேரு போடலியே, வேணி.”

“முக்காலியப் போட்டீங்களே. அந்த ரூம்புல நாங்க ரெண்டு பேருதான்ணே இருந்தோம். அவரா வந்து உங்ககிட்ட சொல்லியிருப்பாரு?”

“நெசத்தத்தானே எழுதினேன்?”

“நெசந்தான். அது என் நெசம்ணே. என் புருசன நான் திட்டுவேன், கேலி பண்ணுவேன். அதக் கேக்க எனக்கு ஒரு ஆளு வேணும்னு உங்ககிட்ட சொன்னேன். ஊர்கிட்டயா சொன்னேன்?”

அவர் குரலைத் தாழ்த்தி, “ரொம்பக் கோவமா இருக்காரா?” என்றார்.

“கோவப்பட்டாப் பரவால்லயே. மரியாதையாப் பேசறாருண்ணே. ‘கொழம்பு நல்லா இருந்துச்சு, நன்றி’ங்கறாரு. கண்ணாடிப் பக்கமே போறதில்ல. அந்தக் கூத்த நான் எங்க போய்த் தேடுவேன்?”

அன்றைக்கு அவருக்குத் தோசை இல்லை. ‘முக்காலி கற்பனையே’ என்று ஒரு திருத்தம் போடலாமா என்று யோசித்தார். போட்டால் ஊரே முக்காலியைத் தேடிப் போய்ப் பார்க்கும். ஒட்டுவதையே விட்டுவிட்டார். நல்லையா அந்த இடத்தில் ஒரு சோப்புக் கம்பெனி நாள்காட்டியை மாட்டினார். வழுக்கைத் தலையர்கள் வருவது நின்றது.

கமலவேணியின் மகள் கோகிலாவுக்கு ஒரு வயது முடிந்து காது குத்தும் சமயம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். தாய்மாமனைத் தங்கை வெற்றிலைத் தட்டோடு வந்து அழைக்கவேண்டும். குழந்தைக்குத் தோடு வாங்கி வைத்துக்கொண்டு ஜெயபாலன் காத்திருந்தார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்து சட்டையை மாட்டினார். மீன்காரருக்காகவும் மாட்டினார்.

கடைசியில் தட்டு வந்தது. தூக்கி வந்தவர் கலியாணசுந்தரம்.

“தாங்கள் அவசியம் வருகை தந்து விழாவைச் சிறப்பிக்க வேண்டும்.”

“எப்பவும்போலப் பேசுங்களேன், மாப்ள.”

“எப்பவும்போலப் பேசினா சனிக்கெழம வந்துடுமே, மச்சான்.”

“எழுதறத நிறுத்திட்டேன்.”

“ஊரு நிறுத்தலியே. பாசார்ல கோழிக்காரன்கூட என்னப் பாத்தா துண்ட எடுத்துக் காட்டறான்.”

“தப்புதான் மாப்ள.”

“தெரியும். மடிக்கு ஆளு வேணும். வாங்க.”

ஜாலான் துக்காங் எமாஸில் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் குழந்தை ஜெயபாலன் மடியில் உட்கார்ந்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும் ஜெயபாலன் கண்களை இறுக மூடிக்கொண்டார். கோகிலா அலறினாள்; அவர் சட்டையைப் பிடித்து, பொத்தானைப் பிய்த்து, ஈரக் கன்னத்தை அவர் மார்பில் புதைத்தாள். அவளைத் தாயிடம் கொடுக்க அவருக்குக் கை வரவில்லை. கமலவேணி வாங்கிக்கொண்டாள். “நன்றிண்ணே” என்றாள். இதற்குமுன் அவள் அவருக்கு நன்றி சொன்னதே கிடையாது.

மாடி வீட்டில் விருந்து. சாப்பிட்டுக் கை கழுவிய ஜெயபாலனுக்கு அடுக்களையிலிருந்து அவள் குரல் கேட்டது. குரலை மாற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். “ஊசி புள்ள காதுக்கு. மொத கத்துனது மாமன்...” பெண்களின் சிரிப்பில் மிச்சம் மூழ்கிப்போயிற்று. அவளுடைய பழைய சிரிப்பும் அதற்குள் இருந்தது. தான் கத்தினோமா? நினைவில்லை. இன்னும் என்னென்ன செய்தோம்? அவள் சொன்னால்தான் தெரியும். கால் தானாக அடுக்களை வாசலுக்குப் போயிற்று.

பேச்சு நின்றது. பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்கள்.

“என்னண்ணே வேணும்?”

“ஒண்ணுமில்ல. என்னமோ சிரிச்சீங்களே...”

“சும்மாதான்ணே. இங்க ஒரே புழுக்கம். ஹால்ல காத்தாடி ஓடுது, போய் உக்காருங்க. பாயசம் அனுப்பறேன்.”

போய் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் கலியாணசுந்தரம், குழு ஏதும் இல்லாத செயலாளரைப்போல இருந்தார். உள்ளே மறுபடியும் சிரிப்பு எழுந்தது.

“உங்களத்தான் சொல்றா, மச்சான்.”

“என்ன சொல்றா?”

“எனக்கெப்படித் தெரியும்? இப்பல்லாம் எங்கிட்டயும் சொல்றதில்ல.”

இருவரும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து கேட்டார்கள். காத்தாடி கடகடத்ததில் ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. கலியாணசுந்தரம் எழுந்துபோய் அதை நிறுத்தினார். பிற்பகல் வெக்கையில் வேர்த்து ஒழுக, மச்சானும் மாப்பிள்ளையும் அடுக்களைப் பக்கம் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள்.