அவள் பெயரில் முடிந்த வேலைகள்

தினமும் காலை ஒன்பதேகாலுக்குத் திரையில் கூட்டம். ஏழு பேர், ஏழு ஊர். நேற்று என்ன முடித்தோம், இன்று என்ன செய்வோம், தடை ஏதும் உண்டா என்று ஆளுக்கு ஒரு நிமிடம் ஒப்பிக்க வேண்டும். தடை இருந்தாலும் இல்லை என்பதுதான் நாகரிகம். மூன்று மாதமாக அவளும் அப்படித்தான் சொல்லிவந்தாள். பின்னறையில் இரண்டு சிறுநீரகமும் போய்க் கணவன் படுத்திருந்தான்.

அவள் வேலையைச் செய்துகொடுத்தது அந்த ஏழு பேரில் ஒருவனான நெத்தி. கேமராவில் முக்கால்வாசி நெற்றியே தெரிவதால் அந்தப் பட்டப்பெயர். நேரில் பார்த்துக்கொண்டதில்லை. "அக்கா, நீங்க மாமாவைப் பாருங்க. பாஸ்வேர்டை மட்டும் அனுப்புங்க, உங்க பேர்லயே முடிச்சு வைக்கறேன்" என்றான் ஒருநாள். ஒவ்வொரு வேலைக்கும் திரைப்பலகையில் ஒரு கார்டு உண்டு. அவளுடைய கார்டுகள் 'முடிந்தது' பக்கத்துக்குக் குதித்தோடின. அவனுடையவை நொண்டிக்கொண்டு நின்றன. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான், பாவி.

இன்று எல்லோரும் ஒப்பித்து முடித்ததும் தலைவர் தொண்டையைச் செருமினார். மேலிடம் ஓர் ஆளைக் குறைக்கச் சொல்லிவிட்டதாம். எய்தவன் எங்கோ இருக்க அம்பை நோவானேன்?

"யார் வேலை தேங்குதுன்னு பலகையே சொல்லுது. தம்பி, மன்னிச்சுக்கங்க, இன்னியோட நீங்க... யாராவது ஏதாவது சொல்லணுமா?"

உண்மையைச் சொன்னால் அவள் வேலை போகும், கூடவே கம்பெனிக் காப்பீடும். அதில்தான் கணவனுக்கு வாரம் மூன்று டயாலிசிஸ் நடக்கிறது. சொல்லாவிட்டால் கைகொடுத்தவன் கையை வெட்டியவள் ஆவாள். மைக்கைத் திறந்தாள்.

"தம்பி... நல்லா வேலை செய்வாருங்க."

அவ்வளவுதான் வந்தது.

"செய்யமாட்டார்னு நாங்க மட்டும் சொல்றோமா?" என்றார் தலைவர்.

"விடுங்கக்கா" என்றான் நெத்தி. "மாமாவைப் பாத்துக்கங்க."

திரையில் அவன் முகம் இருந்த கட்டம் அணைந்தது. மீதி ஆறும் நகர்ந்து அந்த இடத்தை நிரப்பிக்கொண்டன. அவள் முகம் முன்னைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது.

"அவர் வேலையெல்லாம் உங்களுக்கே போட்டுடறேன்மா. உங்களுதுதான் வேகமான கை."

சரி என்றாள். பலகையில் அவனுடைய கார்டுகள் ஒவ்வொன்றாக அவள் பெயருக்கு மாறத் தொடங்கின.