சுகிர்தா தட்டியது

எனக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. ரோலிங் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன், கிரேன் மேலிருந்து விழுந்து நாலு வருஷம் ஆகிறது. இதைச் சொன்னதும் எல்லோரும் ஒரு 'உச்' கொட்டுவார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கவரைப்பேட்டை வீட்டில் நானும் என் மனைவி சுகிர்தாவும் மட்டும்தான். அவள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனிக்குக் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறாள். அவள் கிளம்பிய பிறகு என்னைப் பார்த்துக்கொள்வது இரண்டு ஸ்மார்ட் சுவிட்சுகள். ஒன்று ஃபேனுக்கு. இன்னொன்று கட்டில் மோட்டாருக்கு. சளி அடைத்தால் "கட்டில் மேலே" என்று போனிடம் சொல்வேன். தலைப்பக்கம் உயரும், மூச்சு வரும். உயராவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த சுவிட்சுகளைச் செய்த கம்பெனி கடையைக் கட்டிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணியோடு சர்வர் நிற்கும், இத்தனை நாள் ஆதரவுக்கு நன்றி என்று ஒரு மெயில். நன்றியாம், வெங்காயம். ஆறு மணிக்கு மேல் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் சுவிட்சுக்குக் கேட்காது. சர்வர் செய்த வேலையை வீட்டுக்குள்ளேயே செய்கிற மென்பொருள் ஒன்று இருக்கிறது, பிரிட்ஜ் என்பார்கள். எங்கள் பழைய லேப்டாப்புக்கு அது ரெடிமேடாகக் கிடைக்கவில்லை. அதன் மூல நிரலை இறக்கி, லினக்ஸில் நாமே கம்பைல் செய்து, அதாவது ஓடுகிற மென்பொருளாகக் கட்டிக்கொள்ள வேண்டும்.

அதற்குக் கன்டெய்னர் வேண்டும். லாரியில் காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குப் போகிறதே, அந்த இரும்புப் பெட்டி மாதிரிதான் இதுவும், ஆனால் கம்ப்யூட்டருக்குள். ஒரு வேலைக்கு வேண்டிய சாமான் மொத்தமும் உள்ளே இருக்கும். பெட்டியைத் தூக்கி எறிந்தால் சாமானும் போகும். போன வாரம் ஒத்திகைக்காக ஒரு சின்னக் கன்டெய்னர் போட்டு, இரண்டு சுவிட்சுகளின் ரகசிய எண்களையும் சர்வரிலிருந்து அதற்குள் இறக்கி வைத்தேன். அந்த எண்ணைச் சொல்லாமல் சுவிட்ச் யார் பேச்சையும் கேட்காது. சர்வர் நின்ற பிறகு அதை எங்கேயும் வாங்கவும் முடியாது. நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று நாலு நாள் பூரித்துக் கிடந்தேன்.

இறக்கி வைத்தேன் என்பது பேச்சுக்குத்தான். விரல் சுகிர்தாவுடையது. நான் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்வேன், பத்தாவது வரை படித்த அவள் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவாள். தட்டியதைத் திருப்பி வாசித்தும் காட்டுவாள்.

சர்வர் பத்து நாளாகவே விட்டுவிட்டுத்தான் வேலை செய்தது. அதனால் அவள் வேலைக்குப் போகாமல் என் பக்கத்திலேயே இருந்தாள். திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்கு வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று சூப்பர்வைசர் நந்தினி சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை கம்பைல் செய்ய உட்கார்ந்தோம். ஒரு தடவை கரண்ட் போய் நின்றது. ஒரு தடவை மெமரி போதாமல் நின்றது. மூன்றாவது தடவை, எண்பத்தேழு சதவீதம் போன பிறகு, டிஸ்கில் இடமில்லை என்று நின்றது. மதியம் ஆகிவிட்டது. அவள் இன்னும் சாப்பிடவில்லை.

"இன்னாயா, மறுபடியுமா?"

"எடம் பத்தல. நின்னு போன கன்டெய்னருங்கள அயிச்சிட்டா எடம் வந்துடும். சொல்றேன், அடி."

தட்டினாள். வாசித்துக் காட்டினாள். சரியாக இருந்தது. பிறகு திரையையே பார்த்தாள்.

"வார்னிங்னு போட்டுகீது. எஸ்ஸுக்கு ஒய் அடிக்கணுமா, நோவுக்கு என் அடிக்கணுமா?"

"ஒய்."

"இருய்யா. உள்ள எதுனா கீதான்னு ஒரு வாட்டி பாத்துக்கினு அடிக்கலாமே."

"நீ எனக்குச் சொல்லித் தர்றியா? எல்லாம் குப்ப. அடி."

அடித்தாள்.

நாலரை மணிக்கு நூறு சதவீதம் ஆனது. சுகிர்தா கையைத் தட்டிச் சிரித்தாள். நின்றுகொண்டே நாலு வாய் சோறு அள்ளிப் போட்டுக்கொண்டாள். யூனிஃபார்மை எடுத்து சோப்புத் தண்ணீரில் ஊற வைத்தாள். "நாளைக்கு சர்ச் முடிஞ்சி வரச்சொல்ல நெத்திலி வாங்கியாறேன்" என்றாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

பிரிட்ஜைக் கிளப்பினோம். சுவிட்சின் ரகசிய எண்ணைக் கொடு என்று கேட்டது. போன வாரத்துக் கன்டெய்னரைத் திற என்றேன். அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்று வந்தது.

பெயரை மறுபடி எழுத்தெழுத்தாகச் சொன்னேன், அதே பதில். ஒத்திகை முடிந்து நின்று கிடந்த அதையும் மதியம் குப்பையோடு சேர்த்து அழித்திருந்தோம்.

"இன்னாச்சு?" என்றாள்.

"நீ இன்னாத்த அடிச்சித் தொலச்ச?"

"நீ சொன்னத்தத்தான்யா அடிச்சேன்."

"நான் சொன்னது ஒன்னு, நீ அடிச்சது ஒன்னு. ஒரு எழுத்து மாறினா எல்லாம் போச்சி. போச்சி, அவ்ளோதான்."

அன்றைக்குக் காலையிலிருந்து அவள் ஓர் எழுத்துகூட மாற்றித் தட்டவில்லை. 'நான்தான் பாத்துக்கினு அடிக்கலாம்னு சொன்னேனே' என்று அவள் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேனோ என்னவோ. அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கம்பெனி சர்வர்ல திரும்பக் கேட்டு வாங்க முடியாதா?"

"நேத்தோட முடிஞ்சிது."

புது சுவிட்ச் வாங்கலாம். அதற்குக் காசு புரட்டி, கட்டில் மோட்டாருக்கு வயரிங் செய்து கொடுத்த மோசஸ் காட்டுப்பள்ளி வேலையிலிருந்து வந்து மாற்றிக் கொடுக்க ஒரு மாசம் ஆகும். திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரு ஞாயிறுதான் இருந்தது.

அவள் போனை எடுத்துக்கொண்டு வாசற்படியில் போய் நின்றாள். நான் படுத்திருந்த இடத்துக்கு எல்லாம் கேட்டது.

"மேடம், சுகிர்தா பேசறேன். திங்கக்கெயம வர முடியாது மேடம். இல்ல மேடம், அவரு கரீட்டாத்தான் சொன்னாரு. பாவம், அவ்ளோ கஷ்டப்பட்டாரு. நான்தான் எதையோ மாத்தி அடிச்சிட்டேன். ஆமா மேடம். வேற ஆளு போட்டுக்கங்க."

என் உடம்பில் வேலை செய்வது வாய் ஒன்றுதான். அவள் பேசி முடிக்கும்வரை அதை மூடிக்கொண்டு கிடந்தேன்.

உள்ளே வந்தாள். ஊற வைத்த யூனிஃபார்மை அலசிப் பிழிந்து கொடியில் போட்டாள். ஃபேனைக் கையால் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தண்ணி குடிக்கிறியா?" என்றாள்.

தண்ணீருக்காக வாயைத் திறந்தேன்.