ரோபோவுக்குக் கழுத்து வலித்த நாள்

என் பல்செட்டின் மேல் ஆணை, இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. பல்தான் என்னுடையதல்ல, ஆணை என்னுடையது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான பயிற்சி மையத்துக்கு என் பேத்தியை நான்தான் கூட்டிப்போகிறேன். அங்கே பயிற்சி அறையில் இடுப்பு உயரத்தில் வெள்ளையாய் ஒரு ரோபோ. உருண்டைத் தலை, கண்ணுக்குப் பதில் இரண்டு நீல விளக்கு. பேத்தியும் அதுவும் எதிரெதிரே உட்கார்ந்து பந்து உருட்டுவார்கள். "இப்ப என் முறை" என்று அது உருட்டும். "இப்ப உன் முறை" என்றதும் அவள் உருட்டுவாள்.

மகள் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் நாங்கள் இருவர்தான், இருவரும் தனித்தனி. என் பக்கம் அவள் ஒரு பந்தைக்கூட உருட்டியதில்லை. நான் உருட்டினால் அது கட்டிலுக்கடியில் போய்க் குடியேறிவிடும். எனக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு முறை.

பேத்தி தண்ணீர் குடிக்கப் போன சமயம் ரோபோவிடமே கேட்டுவிட்டேன். "உன்கிட்ட இருக்கறதுல என்கிட்ட என்னப்பா இல்ல?"

"கோவிச்சுக்காதீங்க தாத்தா" என்றது. "உங்க மூஞ்சி ஒரு நிலையில நிக்க மாட்டேங்குது. கண்ணடிக்கிறீங்க, புருவத்தத் தூக்குறீங்க, தடவைக்கு ஒரு குரல். பாப்பா எதப் புடிச்சுக்குவா?"

சுருக்கென்றிருந்தது. இந்த மூஞ்சியை வைத்துத்தான் ஆயுசு முழுக்க ஊரைச் சிரிக்கவைத்தேன். அன்றே கண்ணாடி முன் நின்று பழக ஆரம்பித்தேன்: ஒரே முகம், ஒரே குரல். மகள் பதறிப்போனாள்.

"அப்பா! வாய் கோணிக்கிச்சா? டாக்டரக் கூப்பிடவா?"

"இப்ப உன் முறை" என்றேன்.

"போச்சு. மிச்சமிருந்ததும் கழண்டுடுச்சு."

அடுத்த வகுப்பில், பாதி ஆட்டத்தில், ரோபோ கழுத்தைத் தேய்த்துக்கொண்டது. "நாள் பூரா ஒரே மாதிரி இருக்கறது லேசுப்பட்ட வேலையில்ல தாத்தா. கொஞ்சம் பாத்துக்குங்க, சார்ஜ் போட்டுட்டு வந்துடறேன்." பயிற்சி கொடுக்கும் டீச்சர் எதையும் கவனிக்காதவர்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன் இடத்தில் உட்கார்ந்தேன். முகத்தை இஸ்திரி போட்டதுபோல் வைத்துக்கொண்டேன். பேத்தி என்னைப் பார்க்கவில்லை, பந்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். எனக்கு மூக்கு அரித்தது. அரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு அந்தச் சின்ன விரல்கள் பந்தைத் தள்ளின. அது உருண்டு வந்து என் முழங்காலில் முட்டி நின்றது.

"தாத்தா முறை" என்றாள்.

பந்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உருட்டத் தெரியாமலில்லை. உருட்டிவிட்டால் என் முறை முடிந்துபோகுமே.

வாசலிலிருந்து, ஒயரும் கையுமாக, ரோபோ அதட்டியது. "முறைன்னா திருப்பிக் குடுக்கணும் தாத்தா. பாப்பா காத்துக்கிட்டிருக்கா பாருங்க."

கொடுத்தேன். அவள் மறுபடியும் எனக்கே உருட்டினாள்.

இனி பல்செட்டைக் கழற்றிவிட்டுச் சொல்கிறேன்: அந்தப் பயிற்சி அறைக்குள் வீட்டு ஆட்களை விடுவதில்லை. நான் இன்றுவரை அதன் கதவைத் தாண்டியதில்லை.