குகைக்குக் கீழே படுத்த லாமா

பாறைச் சரிவின் கீழே பாதை வளையும் இடத்தில் செருப்பைக் கழற்றிவிடுவது எங்கள் வழக்கம். மேலே முட்புதருக்குப் பின்னால் ஒரு குகை. செத்துப்போன எங்கள் மூத்தவர்கள் அதில் முழங்காலைக் கட்டியபடி உட்கார்ந்திருக்கிறார்கள். அறுவடை முடிந்ததும் நீண்ட கழுத்தும் கம்பளி மயிரும் உள்ள எங்கள் சுமைவிலங்குகளான லாமாக்களின் முதுகில் சோளத்தில் காய்ச்சிய கள்ளை ஏற்றிக்கொண்டு போய், அவர்களுக்குப் புதுத் துணி சுற்றி, ஊரில் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு வருவோம்.

போன மழைக்காலத்தில் லியாக்சாவின் மனைவி சும்பியும் அங்கே போய்ச் சேர்ந்தாள். முதலில் அவளை மாதா கோயில் தரைக்கடியில்தான் புதைத்தார்கள். அது சட்டம். மண் நெஞ்சில் அழுத்த அவள் மூச்சுவிட முடியாமல் கிடப்பதை லியாக்சாவால் தாங்க முடியவில்லை. அவள் தங்கை கத்தலினாவும் அவனும் தோண்டி எடுத்துக் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். ஊருக்கே தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது இறந்தவர்களைத் தேடும் பாதிரியார் வந்திருந்தார். கடலுக்கு அப்பாலிருக்கும் ராஜாவின் ஆட்கள் எங்கள் தாத்தாக்கள் காலத்தில் நிலத்தை எடுத்தார்கள். அப்பன்மார் காலத்தில் ஆண்களை வெள்ளிச் சுரங்கத்துக்கு எடுத்தார்கள். மலைமேல் இருந்த வீடுகளை இடித்து, கயிறு பிடித்ததுபோலத் தெருக்கள் போட்ட புது ஊரில் எங்களை இறக்கினார்கள். மிச்சம் இருந்தவர்கள் செத்தவர்கள்தான். பக்கத்து ஊரில், ஆட்கள் எங்கே செருப்பைக் கழற்றுகிறார்கள் என்று பார்த்தே பாதிரியார் குகையைக் கண்டுபிடித்துவிட்டார். அங்கிருந்தவர்களைச் சதுக்கத்தில் எரித்துச் சாம்பலை ஆற்றில் கொட்டினார்கள். சாம்பலுக்கு யார் துணி சுற்றுவது?

எங்கள் ஊரில் ஒன்றும் அகப்படவில்லை. அடுத்த ஊருக்குக் கிளம்பினார். பெட்டிகளைச் சுமக்க லியாக்சாவின் லாமாக்களைக் கேட்டார்கள். கொடுக்காமல் இருக்க முடியாது. நாங்கள் சிலரும் கூடப் போனோம். வேறு பாதை இல்லை.

"இன்னிக்கு செருப்பு கால்லயே இருக்கட்டும் மச்சான்," என்று கத்தலினா கயிறு கட்டும்போதே சொன்னாள். "சாமி கண்ணு நம்ம கால்லதான் இருக்கும்."

அப்படியே இருந்தது. வளைவுக்கு முன்னால் பாதிரியார் கோவேறு கழுதையிலிருந்து இறங்கி எங்களுக்குப் பின்னால் நடந்தார். நாங்கள் செருப்போடு நடந்தோம். உள்ளங்கால் கூசியது. யாரும் குனியவில்லை.

முன்னே போன லாமாவை யாரும் நினைக்கவில்லை. காதில் சிவப்புக் குஞ்சம் கட்டிய அதைச் சும்பிதான் பால் புகட்டி வளர்த்தாள். ஒவ்வொரு வருஷமும் கள் ஜாடிகளைச் சுமந்து வந்தது அதுதான். வளைவுக்கு வந்ததும் முழங்காலை மடக்கி, வழக்கமாகச் சுமை இறக்கும் இடத்தில் படுத்தது.

கூட வந்த சிப்பாய் சிரித்தான். "என்னடா, உன் பொண்டாட்டி மாதிரியே சண்டித்தனம் பண்ணுது?"

லியாக்சா கயிற்றை இழுத்துப் பார்த்தான்.

பாதிரியார் தரையைப் பார்த்தார். அந்த இடத்தில் மட்டும் புல் தேய்ந்திருந்தது. அவர் எங்கள் மொழியிலேயே கேட்டார்.

"எப்பவும் இங்கதான் படுக்குமா?"

"இல்ல சாமி. பாரம் ஜாஸ்தி. தாங்கலன்னா படுத்துடும். அடிச்சாலும் எழுந்திருக்காது," என்றான் லியாக்சா.

பாரத்தைப் பற்றிச் சொன்னதில் பொய்யில்லை. லாமாவின் குணம் அது.

"அப்போ இறக்கு. எந்திரிச்சு எங்க போகுதுன்னு பாப்போம்."

சுமை இறங்கினால் அது எழுந்து நேராகக் குகைக்கு ஏறும். அங்கே அதன் கழுத்தைத் தடவ யாராவது இருப்பார்கள் என்று அதற்குப் பழக்கம். லியாக்சா முடிச்சில் கை வைத்தான். வெகுநேரம் முடிச்சு அவிழாததுபோல இருந்தான். கத்தலினா அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெல்ல உட்கார்ந்து லாமாவின் கண்களைப் பொத்தினாள்.

அவன் ஒரு பக்கத்துக் கயிற்றை அறுத்தான். இரும்புப் பட்டை போட்ட பெட்டி சரிந்து, மடக்கியிருந்த முன்னங்காலின் மேல் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"கால் போச்சு சாமி," என்றான். குரல் அவனுடையதாக இல்லை. "இனி கறிக்குத்தான்."

சிப்பாய்க்குச் சந்தோஷம். காய்ந்த கிழங்கைத் தின்று தின்று நாக்கே செத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு சுள்ளி பொறுக்கப் போனான்.

லியாக்சா லாமாவின் முகத்தைச் சரிவின் பக்கம் திருப்பிக் கழுத்தை அறுத்தான். ரத்தம் தேய்ந்த புல்லில் பாய்ந்து மண்ணுக்குள் இறங்கியது. மூத்தவர்களுக்குப் பலி கொடுப்பதும் அப்படித்தான். பாதிரியாரின் கண் முன்னாலேயே நடந்தது. நாங்கள் யாரும் மேலே பார்க்கவில்லை.

எழுந்தபோது அவன் செருப்பு ரத்தத்தில் ஊறியிருந்தது. குனிந்து கழற்றினான்.

"செருப்ப ஏன் கழட்டுற?"

லியாக்சா இரண்டு செருப்பையும் தூக்கிக் காட்டினான். சொட்டியது.

"வழுக்குது சாமி."

பாதிரியார் செருப்பைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார், பிறகு முட்புதரை வெகுநேரம் பார்த்தார். பசித்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். கறி வெந்ததும் அவரும் சாப்பிட்டார். கத்தலினா தொடவில்லை.

கிளம்பும்போது அந்தப் பெட்டியை லியாக்சா தன் முதுகில் ஏற்றி, கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டான். வெறுங்காலோடு நடந்தான். பாதிரியார் கழுதையில் ஏறாமல் அவன் பின்னாலேயே, அவன் குதிகால்களைப் பார்த்தபடி வந்தார். பாறை மறையும்வரை லியாக்சா தலையைத் திருப்பவில்லை. மறைந்த பிறகும் செருப்பைப் போடவில்லை.