சத்தம் கேட்டால் பதியும் கேமரா

அப்பாவின் வலது கையில், தோளுக்குக் கொஞ்சம் கீழே, நாலு விரல் அழுந்திய கன்றலைப் பார்த்த அன்றைக்கே நான் முடிவு கட்டிவிட்டேன். இது அந்த ஊமைக்கோட்டான் வேலைதான்.

அப்பாவைப் பகலில் பார்த்துக்கொள்ள வரும் ஹோம் நர்ஸுக்கு நான் வைத்த பெயர் அது. காலை எட்டு மணிக்கு வருவாள். நான் மருந்துக்கடை கவுண்டரை விட்டு ஆறு மணிக்கு வீடு திரும்பியதும் போய்விடுவாள். பக்கவாதம் வந்து ஏழு மாதமாக அப்பாவுக்கு வலப்பக்கம் விளங்காது, பேச்சும் இல்லை. சொல்வதெல்லாம் புரியும். ஆமாம், இல்லை என்று தலையசைப்பார். வீட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் கிடையாது. நர்ஸோ கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. மனுஷி என்றால் நாலு வார்த்தை பேச வேண்டாமா? பேசாதவர்களை நம்ப எனக்கு வரவே வராது.

"அவங்க உங்களை அடிக்கிறாங்களாப்பா?" என்று கேட்டேன். இல்லை என்று அசைத்தார்.

"பயப்படாம சொல்லுங்க!" என்று கத்தினேன். கண்ணை மூடிக்கொண்டார். பாவி, எவ்வளவு மிரட்டி வைத்திருக்கிறாள்!

வெளியூரில் இருக்கும் அண்ணனிடம் போனில் கொட்டினேன். "ரூம்ல ஒரு கேமரா வை. என் போன்லயும் தெரியற மாதிரி வை" என்றான்.

"ஆமா, நீ அங்க உக்காந்து பாத்துக் கிழிக்கப் போற."

"ஆரம்பிக்காத பட்டாசு. முதல்ல போய் விலையக் கேளு."

பட்டாசு என்பது வீட்டில் எனக்கு வைத்த பெயர். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கேமரா விற்கிற கடைக்காரர் எடுத்த எடுப்பில் நாலு கேமராவும் ஒரு பெட்டியும் சேர்ந்த செட்டைக் காட்டினார். சுவரைத் துளைத்து வயர் இழுக்க வேண்டுமாம். விலையைக் கேட்டதும் எனக்கு மயக்கம் வராத குறை.

"நான் என்ன நகைக்கடையா வெச்சிருக்கேன்? ஒரு ரூம், ஒரு கட்டில், ஒரு மனுஷன். அதுக்குத் தகுந்த மாதிரி எடுங்க."

அடுத்தது வைஃபையில் ஓடுவது. படம் பளிச்சென்று இருந்தது. ஆனால் பதிவைச் சேர்த்து வைக்க மாதாமாதம் சந்தா. "கேமராவையும் வாங்கி அதுக்கு வாடகையும் குடுக்கணுமா? நல்லா இருக்கே நியாயம்!" என்றேன். கடைசியில் உள்ளங்கையில் அடங்குகிற ஒன்றை எடுத்து வைத்தார். இதுவும் வைஃபைதான், ஆனால் சந்தா கிடையாது, உள்ளேயே மெமரி கார்டு.

"ஆனா கார்டு சின்னதும்மா. நாள் பூரா ஓடினா ரெண்டே நாள்ல ரொம்பி, பழசு அழிஞ்சிடும். ஏதாவது அசைஞ்சா மட்டும் பதியற மாதிரி வைக்கலாம். இல்ல, பெரிய சத்தம் கேட்டா மட்டும் பதியற மாதிரி வைக்கலாம்."

"ஃபேன் காத்துல திரை ஆடினாக்கூட பதியுமா?"

"பதியும்."

"அப்ப சத்தத்துக்கே வைங்க. கை நீட்டறவ வாய மூடிக்கிட்டா நீட்டுவா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சத்தமே இல்லாம அடிக்கிறவங்களும் இருக்காங்கம்மா."

"கோவம் வந்தா சத்தம் வராம எப்படிங்க இருக்கும்?" எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. எங்கள் வீட்டில் கோபம் என்றால் தெருமுனை வரை கேட்கும். அதையே வாங்கி, ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் அலமாரி மேல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே வைத்தேன். என் போனில் மட்டும் இணைத்துக்கொண்டேன்.

மருந்துக்கடையில் அந்த வாரம் சரக்குக் கணக்கெடுப்பு, மூச்சு விட நேரமில்லை. பார்க்கப் பயமாகவும் இருந்தது. வியாழக்கிழமை மதியம்தான் சரக்கறையில் ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து திறந்தேன். எட்டு பதிவுகள். அதில் ஏழு, காலை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில். அந்த நேரத்தில் அவள் வந்திருக்கவே மாட்டாளே. கடைக்காரர் நேரத்தைத் தப்பாக வைத்துவிட்டார், போய் நன்றாகக் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

முதல் பதிவைத் திறந்தால், நான்.

நர்ஸ் வருவதற்குள் அப்பாவைத் துடைத்து, சட்டை மாற்றி, சாய்த்து உட்கார வைத்துவிடுவேன். வெளியாள் வரும்போது அவர் கசங்கிய சட்டையோடு கிடக்கக் கூடாது என்று எனக்கொரு வீம்பு.

"கைய நீட்டுங்கப்பா! வேணும்னே பண்றீங்களா? எனக்கு பஸ் போயிடும்!"

விளங்காத கையை நீட்டச் சொல்லிக் கத்துகிறேன். அப்புறம் அந்தக் கையைத் தோளுக்குக் கீழே இறுக்கிப் பிடித்து, சட்டைக்குள் திணிக்கிறேன். அப்பாவின் முகம் கோணுகிறது. நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, பொத்தானைத்தான் பார்க்கிறேன். அடுத்த பதிவில் நான் கத்திக்கொண்டே கிட்டே போகிறேன். அப்பா நல்ல கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்கிறார்.

எட்டாவது பதிவு பகல் மூன்று மணி. ஒரு தட்டு விழுந்து உருள்கிறது. நர்ஸம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு அப்பாவைப் பார்க்கிறார். அப்பா தோள் குலுங்கச் சிரிக்கிறார். இந்த ஏழு மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அழிக்கிற பொத்தான் அங்கேயே இருந்தது. ஒன்றை அழித்தேன். இன்னொன்றையும் அழித்தேன். மூன்றாவதில் எனக்குக் கை ஓடவில்லை. சீ, என்ன பிறவி நான் என்று அழுகை வந்தது.

சாயங்காலம் நர்ஸம்மா கிளம்பும்போது கேட்டேன். "அப்பா கையில இருக்கிற கன்றல் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. தினம் மருந்து தடவறேன்."

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "சொன்னா என்னை நிறுத்திடுவீங்க. பகல்லயாவது அவர் நிம்மதியா இருக்கட்டுமேன்னுதான்." அதில் கோபமே இல்லை.

அண்ணன் அழைத்தான். "என்ன, மாட்டினாளா? அந்தம்மாவ நிறுத்திடலாமா?"

"அவங்க இல்லண்ணா. நான்தான்."

"விளையாடாத."

"காலைல சட்டை மாத்தறப்ப. அனுப்பறேன், நீயே பாரு." மிச்சமிருந்த ஆறையும் அனுப்பினேன்.

பத்து நிமிடம் கழித்து மறுபடி அழைத்தான். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகத்தான் பேசினான். "ஞாயித்துக்கிழமை வரேன். அப்பா இனிமே எங்கூட இருக்கட்டும்."

"வரமாட்டாருண்ணா. ஏழு மாசமா யாரு பாக்கறா? என்னை விட்டுட்டு எங்கயும் வரமாட்டாரு."

"கேட்டுப் பாரு" என்று வைத்துவிட்டான்.

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாகக் கேட்டேன். "அண்ணன் உங்களைக் கூட்டிட்டுப் போறேங்கறான். போறீங்களாப்பா?"

ஆமாம் என்று அசைத்தார்.

சரியாகக் காதில் விழுந்திருக்காது என்று நினைத்தேன். "என்னை விட்டுட்டுப் போறீங்களாப்பா?"

என் கையையே பார்த்துக்கொண்டு, முன்னைவிட வேகமாக, ஆமாம் ஆமாம் என்று அசைத்தார்.